முதுகில் பாதிப் பெயர்

2024 ஜூன் 22, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். அந்த நேரத்திலேயே வெக்கை. தேத்தண்ணி வைத்தேன். இவருக்குப் பாணும் முதல்நாள் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். இவர் பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தைப் பார்க்கிறவர். சனிக்கிழமையும் வேலை உண்டு. இவரை ரயிலுக்கு அனுப்பிவிட்டு, இத்தாலியில் பலெர்மோ நகரின் ஒரேத்தோப் பகுதியில் எங்கள் தெருமுனையில் பஸ் எடுத்துப் பொலிதேயாமாவுக்குப் போனேன். அங்கே ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் நெடுநாளாக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் படுக்கை விரிப்பு மாற்றுவது, வெள்ளிச் சாமான் துடைப்பது, குளிர்சாதனப் பெட்டியை வெறுமையாக்கிக் கழுவுவது. ஒரு மணிக்கு முடித்தேன். வரும் வழியில் கத்தரிக்காயும் எலுமிச்சையும் வாங்கினேன்.

என் நாட்குறிப்பில் அன்றைய காலைப் பகுதி இவ்வளவுதான். மாலைப் பகுதி பல பக்கம் போயிருக்கிறது. கோபத்தில் எழுதினால் என் கையெழுத்துப் பெரிதாகும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை மகனின் இறுதி ஆட்டம். அவன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான். அங்கே மாணவர்கள் சேர்ந்து ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் அணி வைத்திருக்கிறார்கள். பந்து நீள்வட்டமாக இருக்கும். காலால் உதைப்பது அபூர்வம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனை எதிரணி வந்து விழுத்தும். நான்கு தடவைக்குள் பத்து யார், அதாவது முப்பதடித் தூரம், முன்னேறாவிட்டால் பந்து மற்றவர்களுக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. இதையெல்லாம் நான் எழுதி வைத்துப் படித்தேன். இவர் படிக்கவில்லை. 'முட்டுப்பந்து' என்று ஒரு பெயர் வைத்தார், அதோடு சரி.

இங்கேயுள்ள எங்கள் தமிழ்ச் சனத்துக்கு இந்த விளையாட்டு இன்னும் விளங்கவில்லை. ஒரு பிறந்தநாள் வீட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி ரக்பியோ விளையாடுறார்?"

"இல்லை, ஃபுட்போல். அமெரிக்கன்."

"அப்ப உதைபந்து."

"உதைக்கிறேல்லை."

"உதைக்காட்டி என்ன கோதாரிக்கு அதுக்குப் ஃபுட்போல் எண்டு பேர்?"

போன வருடம் அந்த அணி ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. இந்த வருடம் ஒன்றும் தோற்கவில்லை. மார்ச் மாதத்தில் பார்க்க வந்தவர்கள் தாய்மாரும் பெடியளின் சிநேகிதிகளும்தான். மே மாதத்தில் உட்கார இடம் பிடிக்கக் கைப்பையை முன்கூட்டியே வைக்க வேண்டியிருந்தது. மகன் நாப்போலிக்குக் கப்பலில் போய் வென்று, கப்பலிலேயே படுத்து எழும்பி, சட்டை நாற நாற வந்து நேரே பரீட்சை எழுதினான். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் அணியில் அவன் வேலை. நன்றாக ஓடுவான். தாய் என்றபடியால் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இனிப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பரம்பரைப் பெயர் கிடையாது; பிள்ளைக்குக் குடும்பப் பெயராக எழுதுவது தகப்பனின் பெயரைத்தான். ஆகவே மகனின் கடதாசிகளில் அந்த இடத்தில் இருப்பது என் கணவரின் சொந்தப் பெயர். நீளமான பெயர். அதை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் பலர் அப்படித்தான். பயம் என்றோ பக்தி என்றோ யாரும் நினைக்க வேண்டாம், அது பழக்கம். 'இஞ்சாருங்கோ' என்றால் அவர் திரும்புவார். நாட்குறிப்பில் 'இவர்' என்று எழுதினால் எனக்கு விளங்கும். பிறகு எதற்குப் பெயர்?

பலெர்மோவில் இதனால் எனக்கு ஒரு இடைஞ்சலும் வந்ததில்லை. இத்தாலியில் தெரியாத பெயரைச் சொல்வதென்றால் எழுத்துக்கூட்டித்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு நகரம்: எம் என்றால் மிலானோ, யூ என்றால் ஊதினே. ஹெச் என்ற எழுத்துக்கு மட்டும் நகரம் இல்லை. இத்தாலிய மொழியில் அந்த எழுத்தின் பெயரே 'அக்கா'. குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் மின்சாரக் கம்பனித் தொலைபேசியிலும் 'கணவரின் பெயர்?' என்று கேட்டால் நான் தயங்குவதில்லை. மிலானோ, ஊதினே, தொரினோ, அக்கா, மறுபடி ஊதினே என்று தொடங்கி, இத்தாலியை மேலும் கீழுமாகச் சுற்றி வந்து முடிப்பேன். "உமக்கு நான் ஒரு ரயில்வே அட்டவணை" என்பார் இவர். "அதுக்குள்ளை ஒரு அக்காவும் இருக்கிறா."

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். நான் வீட்டுக்கு வந்தபோது மகன் புதுச் சட்டையைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தான். அதுவரை அவர்களின் சட்டைகளில் இலக்கம் மட்டும்தான் இருந்தது. இறுதி ஆட்டத்துக்கென்று ஒரு பேக்கரிக்காரர் காசு கொடுத்து, முதுகில் பெயரும் அடித்த சட்டைகள் செய்வித்திருந்தார்கள். மகனின் சட்டையில் இலக்கத்துக்கு மேலே ஐந்து எழுத்து. மிலானோ, ஊதினே, தொரினோ, அக்கா, ஊதினே. அதோடு நின்றுவிட்டது.

அந்த ஐந்து எழுத்தையும் தமிழன் படித்தால் முத்து. நல்ல சொல். பலெர்மோக்காரன் அப்படிப் படிக்கமாட்டான். அவன் அக்காவை விழுங்கிவிட்டு, முன்னெழுத்தை இழுத்து, 'மூத்து' என்பான். சிசிலியில் மூத்து என்றால் ஊமை. சந்தையில் தாய்மார் பிள்ளைகளை அதட்டுகிற சொல்லும் அதுவே: வாயை மூடு.

"இதென்ன?" என்று கேட்டேன்.

"சட்டை, அம்மா. வடிவெல்லே?"

"முதுகிலை என்ன எழுதிக் கிடக்கு?"

"என்ரை பேர்."

"பாதியைக் காணேல்லை."

"மா தாய், அம்மா!" என்றான். 'சும்மா விடுங்கள்' என்பதற்கு இத்தாலியப் பிள்ளைகள் சொல்வது அது. சின்ன வயதில் அவன் முதன்முதல் அதைச் சொன்னபோது, என்னை மரியாதையாகத் தாய் என்கிறான் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். "பேர் நீட்டாம், இடம் காணாதாம். பெடியளும் என்னை அப்பிடித்தானே கூப்பிடுறவங்கள். நான் கதைக்கிறது குறைவு, சத்தமில்லாமல் ஓடுறன், அதாலை மூத்து. சும்மா பகிடி. விளங்குதோ?"

"நல்லா விளங்குது. பகிடி உன்ரை அப்பான்ரை பேரிலை."

அவன் சப்பாத்தின் மண்ணைத் தட்டினான். மற்றப் பெடியளின் பெயர்களையும் வெட்டினார்களா என்று கேட்டேன். தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான்: சட்டைகளையெல்லாம் புல்லில் வரிசையாக விரித்து எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பெடியனுக்கு இரட்டைக் குடும்பப் பெயர், நடுவில் ஒரு ஒட்டுச் சொல். எழுத்தைச் சின்னதாக்கி, வில்லாக வளைத்து, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை முழுவதையும் அடித்திருந்தார்கள். ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. விரலை வைத்து எண்ணினேன். எங்களுடையதைவிட அது நீளம்.

இடம் காணாதாம்!

இவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் தண்ணீர்க் குழாய் இரைகிற சத்தம் கேட்டது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "விடும்" என்றார். "இஞ்சை எனக்கும்தான் ஒரு பேர் வைச்சிருக்கினம்."

"என்ன பேர்?"

"அது உமக்கு வேண்டாம்."

இத்தனை வருடத்தில் அதை இவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. "வேலை முடிய நேரே மைதானத்துக்கு வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் கத்தரிக்காயைக் கூட எடுத்து வைக்கவில்லை. உடுப்பு மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்க வெகுநேரம் முன்பாகவே போனேன்.

அணியின் பொறுப்பாளர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருப்பவர். தண்ணீர்ப் போத்தல்களை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். என் இத்தாலிய மொழி அழகானது என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தில் இலக்கணம் சரியாக வரும்.

"ஏன் என் மகனின் பெயரை வெட்டினீர்கள்?"

"இடம் இல்லை, சிஞ்ஞோரா."

"அவருக்கு இருந்ததே." கோட்டோரமாகக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த இரட்டைப் பெயர்க்காரனைக் காட்டினேன்.

"அது குடும்பப் பெயர், சிஞ்ஞோரா."

"இது?"

அவருக்குச் சுருக்கென்றது போல. உடனே இரண்டு கைகளையும் விரித்தார். "இதுவும்தான், இதுவும்தான். ஆனால் பிள்ளைக்கே பிடித்திருக்கிறது. நாங்கள் அன்பாகக் கூப்பிடுவது அது."

இந்த ஊரில் எங்களுக்கு நடக்கிற பாதி விஷயம் அன்பாகத்தான் நடக்கிறது. எங்கள் பெயர்களை அன்பாக வெட்டுகிறார்கள், அன்பாக மாற்றி வைக்கிறார்கள். கேட்டால் நாங்கள்தான் பகிடி விளங்காதவர்கள். அந்தப் பெயருக்கு உரியவரிடம் ஒரு சொல் கேட்டால் அன்பு குறைந்து போகுமோ? இதை அவரிடம் சொல்ல எனக்கு மொழி காணவில்லை. அசையாமல் நின்றேன். நான் போகமாட்டேன் என்று கண்டதும் அவர் சிரித்துக்கொண்டு நெஞ்சில் கையை வைத்தார்.

"வெல்லட்டும், சிஞ்ஞோரா. வென்றால் அடுத்த பருவத்துக்கு முழுப் பெயரையும் அடிக்கிறேன். சத்தியம்."

"இன்று ஒலிபெருக்கியில்?"

"அதை அவரிடம் கேளுங்கள்."

அறிவிப்பாளர் ஒரு மாணவன். குடையின் கீழ் மடக்கு மேசை போட்டு, ஒலிவாங்கிக்கு முன்னால் பீச் பழம் தின்றுகொண்டிருந்தான். மரியாதையான பெடியன், என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தான். முழுப் பெயரையும் சொல்வதில் தனக்குச் சந்தோஷம் என்றான். நான் தொடங்கினேன்: "மிலானோ, ஊதினே, தொரினோ, அக்கா..."

"எழுத்து என்னிடம் இருக்கிறது, சிஞ்ஞோரா. உச்சரிப்புத்தான் தெரியாது. ஒரு தடவை சொல்லுங்கள், அப்படியே சொல்கிறேன்."

வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டி நின்றது. மறுபடி "மிலானோ" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "நகரங்களை நான் மைக்கில் கத்த முடியாதே." பென்சிலை எடுத்து, பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து, தானே வாசித்தான். மூன்றாம் துண்டில் பிழைத்தது. இல்லை என்று தலையாட்டினேன். மறுபடி வாசித்தான். மறுபடி அதே இடம். "எப்படி என்று சொல்லுங்களேன்!" என்று கெஞ்சினான். அவன் கேட்டது முற்றிலும் நியாயம். அதனால் அவன் மேல் எனக்கு வந்த கோபம் இரண்டு மடங்கு.

பின்னாலிருந்து பொறுப்பாளரின் குரல் வந்தது: "பார்த்தாயா, தாயும் மூத்துதான்!"

யார் யாரோ சிரித்தார்கள். நான் போய் மேல் வரிசையில் உட்கார்ந்தேன். கைப்பையை இவருக்காகப் பக்கத்தில் வைத்தேன்.

இவர் ஆட்டம் தொடங்கச் சற்று முன் வந்து சேர்ந்தார், சப்பாத்தில் பகேரியா மண்ணோடு. வீரர்களை ஒவ்வொருவராக அறிவித்தார்கள். மகனின் முறை வந்ததும் ஒலிபெருக்கி ஒரு மூச்சு எடுத்தது. பிறகு கல்லுப் பாதையில் சைக்கிள் விடுகிறவனைப் போலப் பெயரின் மேல் ஏறி இறங்கியது.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பேர் சொன்னவன்?"

"உங்கடை பேர் மாதிரித்தான் கிடந்தது."

"மாதிரி" என்றார். இருந்தாலும் சட்டைக் கொலரை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

அறிவிப்பாளரைக் குறை சொல்லக்கூடாது. முதல் பாதியில் இரண்டு தடவை முழுப் பெயரையும் முயன்றான். மூன்றாவது ஓட்டத்தில் மகன் எதிரணியில் இருவரை உதறிவிட்டுப் பாய்ந்தபோது, அறிவிப்பாளன் பென்சில் துண்டுகளை மறந்து "மூத்து!" என்று அலறினான். அதோடு முடிந்தது. சனம் பிடித்துக்கொண்டது. காலால் பலகையைத் தட்டித் தட்டி, மூ-த்து, மூ-த்து. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெண் இரண்டு வயதுக் குழந்தையோடு இருந்தாள். குழந்தை வீரிட்டதும், வாயை மூடச் சொல்லி அதட்டினாள்: "மூத்து!" குழந்தை அதையும் உற்சாகம் என்று நினைத்து, "மூத்து! மூத்து!" என்று இன்னும் பலமாகக் கத்தியது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானம் முழுக்க என் பிள்ளையைப் பார்த்து வாயை மூடு என்கிறது, தகப்பன் சிரிக்கிறார்!

கடைசி நிமிடங்களில் நாங்கள் நான்கு புள்ளி பின்னால் நின்றோம். பந்து எங்களிடம். கோட்டுக்குக் கொஞ்சத் தூரம்தான், ஆனால் மூன்று தடவை முயன்று மூன்றிலும் விழுந்துவிட்டார்கள். நான்காவது போனால் பருவமே போச்சு. போனால் பொறுப்பாளரின் சத்தியமும் போச்சு. அந்த ஐந்து எழுத்து அப்படியே முதுகில் ஒட்டிவிடும். இதைத்தான் நான் நினைத்தேன். கிண்ணத்தைப் பற்றி எனக்கு நினைவே இல்லை.

பந்தை மகனிடம் கொடுத்தார்கள். ஒருவன் இடுப்பைப் பிடித்துவிட்டான். இன்னொருவன் காலுக்கு வந்தான். மகன் விழவில்லை, இருவரையும் இழுத்துக்கொண்டு அடி அடியாக நகர்ந்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூ-த்து, மூ-த்து. நான் எப்போது பலகையில் ஏறி நின்றேன் என்று தெரியாது. வாயைத் திறந்தேன். பெயர் வந்தது. முன் பாதியும் வந்தது, பின் பாதியும் வந்தது, மூன்றாம் துண்டும் சரியாக வந்தது. ஒரு தடவை வந்த பிறகு நிற்கவில்லை. மறுபடி மறுபடி கத்தினேன். முன்னாலிருந்த பெண் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

மகன் கோட்டுக்கு அப்பால் விழுந்தான். ஆறு புள்ளி. சனம் எழும்பிக் குதித்தது. இவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்.

"ஆரைக் கூப்பிட்டனீர்?"

"உங்களை இல்லை" என்றேன். என் குரல் கட்டிப்போயிருந்தது.

ஆட்டம் முடிந்து மகன் வேலியோரம் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினால் முகம் முழுக்கப் புல்.

"அம்மா, அது நீங்களோ?"

"ஓம்."

"அப்பான்ரை பேரைச் சொல்லியோ?"

"உன்ரை பேரை. முதுகிலை இல்லாததை."

அவன் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தான். "எனக்குக் கேட்டது" என்றான். "அந்தச் சத்தத்துக்குள்ளை அது ஒண்டுதான் நீளமா இருந்தது."

பரிசு கொடுக்கும்போது ஒலிபெருக்கி மறுபடி மூத்து என்றது. பொறுப்பாளர் வியர்வையோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "மூத்து பேசிவிட்டான், சிஞ்ஞோரா!" என்றார். தாமே கண்டுபிடித்த பகிடியென்று அவருக்கு மிகவும் சந்தோஷம். நான் கேட்டேன்: "சட்டை?"

"எந்தச் சட்டை?"

"அடுத்த பருவத்துச் சட்டை. சத்தியம் செய்தீர்கள்."

"ஆ, அது. செப்டெம்பரில் பார்ப்போம், சிஞ்ஞோரா. இன்றைக்குக் கொண்டாடுங்கள்."

வென்றால் என்றார். வென்றோம். செப்டெம்பர் என்கிறார். இதை எழுதும்போதுதான் என் பேனை தாளைக் கிழித்தது. அந்தக் கிழிசல் இன்னும் நாட்குறிப்பில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கத்தரிக்காயைப் பொரித்தேன். மகன் கூட்டாளிகளோடு சாப்பிடப் போய்விட்டான். இவர் வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டு தரம் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை எழுந்தவுடன், தேத்தண்ணிக்குக் கூடத் தண்ணி வைக்காமல், பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய இலக்கம் மகனின் ஆட்ட அறிவித்தலின் அடியில் இருந்தது. நெடுநேரம் அடித்தது. எடுத்தவரின் குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். "செப்டெம்பர் சட்டைக்கு."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "சரி, சிஞ்ஞோரா, சரி. எழுதுகிறேன். மிலானோ..."

"மிலானோ இல்லை" என்றேன். பெயரைச் சொன்னேன்.

சமையலறை வாசலில் இவர் வெறுங்காலோடு வந்து நின்றார்.

தொலைபேசியின் அந்தப் பக்கத்திலிருந்து பொறுப்பாளர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் துண்டில் பிழைத்தது.

"இல்லை" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.